கும்பிடு போட்ட கார்

ரோடு காண்ட்ராக்டர் இசக்கிராஜாவின் புதுக் காரில் ஷாக் அப்சார்பர் மூன்றே மாதத்தில் உடைந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் நாலு பேர் பார்க்க, டிரைவர் மரியசெல்வத்தைப் பிடித்துக்கொண்டார்.

“எந்தக் குழியில விட்டலே? காட்டு. இல்லைன்னா சாவிய வச்சிட்டு வீட்டுக்குப் போ.”

“வாங்க மொதலாளி, காட்டுதேன்” என்று மெக்கானிக்கின் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். அவரே போட்ட ரோடு. அவர் சிரிக்கிற பேனருக்கு நேர் கீழே, ஆடு படுக்கிற அளவுக்குக் குழி.

“உங்க படத்தக் கண்டா கும்பிடணும்னு உங்க உத்தரவு. அண்ணாந்து உங்களக் கும்பிட்டா, கீழ குழிய எப்படிப் பாக்க?”

இசக்கிராஜா பேனரைக் கழற்றி, அதே ரோட்டில் குழி இல்லாத இடமாகப் பார்த்து வைக்கச் சொல்லி ஆட்களை அனுப்பினார். பேனரைத் தூக்கிக்கொண்டு அவர்கள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்கள்.