திவானுக்காக அழுத ஊர்

“சாமி, இந்த ஊர் சனங்களுக்கு எதைச் சொன்னாலும் மண்டையில ஏறாதுங்க” என்று அலுத்துக்கொண்டே செங்கோடன் மடத்துக்குள் வந்தார். முந்தின நாள் மேடையில் போர்த்திய சால்வை இன்னும் தோளில் கிடந்தது.

குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி ஒரு பிடி காயை அவர் பக்கம் தள்ளினார்.

செங்கோடன் நகராட்சி கவுன்சிலர். வாயைத் திறந்தால் கூட்டத்தைக் கட்டிப்போடுகிற பேச்சுக்காரர். இன்றைக்குக் கோபத்தையெல்லாம் காயின் மேல் காட்டினார். நாரோடு பாதிக் காயும் போனது.

நகராட்சித் தலைவி மங்கையர்க்கரசியைப் பதவியிலிருந்து இறக்க மறுநாள் காலையில் ஓட்டெடுப்பு. மழையில் அந்த அம்மாள் ஏரி மதகைத் திறந்துவிட்டார், கீழ்க்காட்டுப் பயிரெல்லாம் மூழ்கிப்போனது. யாரிடமோ காசுக்குக் கைநீட்டிவிட்டுத்தான் திறந்தார் என்று ஊரே பேசியது. அன்றைக்குத் திறக்காமல் விட்டிருந்தால் கரை உடைந்து ஊரே போயிருக்கும். திறக்கச் சொல்லி என்ஜினியர் கெஞ்சியபோது அந்த அம்மாளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவர் செங்கோடன்தான். அதைக் குருவிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அந்த அம்மாளுக்காக நேற்று செங்கோடன் கல்யாண மண்டபத்தில் பேசினார். அதற்கென்று நூறு வருஷத்துப் பழைய நாவல் ஒன்றைக் கையில் எடுத்தார். வீண்பழி சுமந்து நாட்டை விட்டுப் போகும் ஒரு திவானின் கதை அது. ஊரில் அதைப் படிக்காத வீடு கிடையாது. எல்லையில் திவான் திரும்பிப் பார்த்துக் கும்பிடுகிற இடம் வந்ததும் மண்டபமே மூக்கைச் சிந்தியது.

“வெளிய வந்த கையோட அந்த அம்மா போஸ்டர் மேல சாணி அடிக்கறாங்க. கண்ணுல ஈரம்கூடக் காயலீங்க. இவங்களுக்கு எப்படித்தான் சொல்லிப் புரிய வைக்கறது?”

“பேச்சுல அந்த அம்மா பேரைச் சொன்னீங்களா?”

“பேரைச் சொன்னா பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிருவாங்க சாமி. அதுக்குத்தானே நாவலு.”

“மதகுகிட்ட நீங்க நின்னதை?”

செங்கோடன் குனிந்து, கீழே சிந்திய நாரைப் பொறுக்கினார். குரு இன்னொரு காயை எடுத்தார்.

“திவான் மேல தப்பில்லைன்னு அந்தக் கதையில யாருக்காச்சும் தெரியுமா?”

அரண்மனைப் புலவருக்குத் தெரியும், ஆனால் அது சரியான இழுவை, மேடையில் அந்த அத்தியாயத்தைத் தொடுவதே இல்லை என்றார் செங்கோடன். வந்த காரியத்தை விட்டுவிட்டு இதென்ன கேள்வி என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது.

“எனக்குச் சொல்லுங்க. நான் படிச்சதில்லை.”

“என்னத்தைச் சொல்றதுங்க. சபையில எந்திரிச்சு, எந்தக் காலத்து மந்திரியோ ஒருத்தர் கதையைப் பாடுவாரு. அத்தனை பேரும் அழுவாங்க. ராசாவும் அழுதுட்டு, எறங்கி வந்து அவருக்குச் சால்வை…”

செங்கோடனின் கை தோளுக்குப் போய் அங்கேயே நின்றது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

குரு நிமிர்ந்து பார்க்கவில்லை. நாரை உரித்துக்கொண்டே கேட்டார்.

“திவானை எப்ப அனுப்பினாங்க?”

“மறுநாள் காலையிலங்க, சாமி.”