இசக்கி வீட்டு வாசலில் நின்ற சப்பரம்

மூவுலகையும் காக்கும் முருகப்பெருமானை எங்கள் ஊர் உயர்நிலைப்பள்ளியில் சம்பளமில்லாத வேலைக்குச் சேர்த்துவிட்டவர் சொள்ளமுத்தடியார். நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

அடியார் அப்பள்ளியின் காவலாளி. வாசலைப் பெருக்குவார், தண்ணீர் தெளிப்பார், கேட்டைத் திறப்பார். மாலையில் முருகன் சன்னிதியில் நின்று, அன்று வராத பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்து, அவர்களுக்காகத் தாமே "உள்ளேன் ஐயா" என்பார். மறுநாள் காலையில் அவர்கள் வீட்டு வாசலில் நிற்பார். இப்படித் தேய்த்த செருப்புகளை அடுக்கினால் கோயில் கோபுரம் வெட்கப்படும்.

உடற்பயிற்சி ஆசிரியர் சிதம்பரதாணுவுக்குச் சிரிப்பு தாங்காது. "ஓய், கேட்டைப் பூட்டுகதுதான் உம்ம வேலை. ஓடுனதைப் பிடிக்க நீரு என்ன நாய்வண்டியா?"

"பிள்ளைய முருகன் பிடிப்பான் சார்வாள். நான் விலாசம் மட்டும் சொல்லுதேன்."

பத்தாம் வகுப்பு இசக்கியம்மாளை, அவள் தந்தை லிங்கதுரை மூன்றாண்டு மில் வேலைக்கு அனுப்பத் துணிந்தார். "கல்யாணத்துக்கு நகை சேரும்லா. படிச்சுக் கலெக்டராவா ஆகப் போறா?" அடியார் நாற்பத்தொரு நாள் நடந்தார், நாற்பத்தொரு முறை கதவு சாத்தப்பட்டது. கதவுக்கே ஒரு கும்பிடு போட்டுத் திரும்பினார்.

மில் வேன் வந்தது தைப்பூசத்தன்று காலையில். இசக்கி பெட்டியுடன் வாசலில் நின்றாள். அதே தெருவில், பதினாறு பேர் தோளில் முருகன் சப்பரம் வந்தது. முன்தண்டில் சிதம்பரதாணு. அடியாரோ சப்பரத்துக்கு நாலு வீடு முன்னால் தெருவைப் பெருக்கிக்கொண்டு போனார்.

லிங்கதுரை வீட்டெதிரே சப்பரத்தை இறக்கினார்கள். அவர் வழக்கப்படி தேங்காய் உடைத்தார். தூக்கினார்கள், எழவில்லை. நாற்பது யானைக் கனம்! இரண்டாம் தேங்காய், மூன்றாம் தேங்காய். ஹாரனில் வைத்த கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார் வேன்காரர்.

"முருகா, இன்னும் என்னதான் வேணும்?" என்று லிங்கதுரை கதறினார்.

"எப்பா, நான் பள்ளிக்கூடம் போகட்டா?" என்றாள் இசக்கி.

அவர் மகளைப் பார்த்தார், முருகனைப் பார்த்தார். "போ தாயி. சாமியே மறிக்காருல்லா!"

பஞ்சாக எழுந்தது சப்பரம்.

"சப்பரம் எங்கவே கனத்துச்சு? எல்லாருக்கும் பசி, தெருவிலே பள்ளம்" என்று சிதம்பரதாணு மாதக்கணக்கில் சாதித்தார். தேர்வு முடிவு வந்தது, இசக்கி தேறினாள். தாம் மூன்றாம் வகுப்போடு நின்றும் ஊரைப் பத்தாம் வகுப்புக்கு ஏற்றிய அப்பெருந்தகை அடியார், அவளுக்குப் பதினோராம் வகுப்பு விண்ணப்பம் வாங்கக் கிளம்பினார். பின்னாலேயே ஓடி வந்தார் சிதம்பரதாணு.

"ஓய், நில்லும். அன்னைக்கு நீரு சப்பரத்தைத் தொடவே இல்ல. முன்தண்டு என் தோள்ல இருந்துச்சு. கனத்தது நெசந்தான்வே."