கண்ணுக்குத் தெரியாத வேகம்

முன்னொரு காலத்தில் மருதங்கொடி நாட்டைக் கொட்டாவிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். "அந்தக் காலத்தில் ஏதய்யா கம்ப்யூட்டர்?" என்று குறுக்கே கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இந்தக் கதையில் ராஜாவும் உண்டு, கம்ப்யூட்டரும் உண்டு.

அரண்மனையின் மனு மண்டபத்துக்குப் பூங்காவனம் அதிகாரி. செத்த கம்ப்யூட்டர் மூன்றைப் பிரித்துப் போட்டு, உயிருள்ள ஒன்றை எழுப்பிவிடுவாள். வாய்தான் சும்மா இருக்காது. மண்டபத்தில் பத்து மேஜை, பத்திலும் கிழட்டு கம்ப்யூட்டர். ஒரு மனு திரையில் திறப்பதற்குள், கொடுத்தவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வரலாம். வெளியே வெயிலில் வரிசை கோட்டை வாசலைத் தாண்டி நிற்கும். மூன்று நாளாக நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

கெஞ்சிக் கூத்தாடிப் பத்துப் புது கம்ப்யூட்டருக்குப் பாகங்கள் வாங்கிவிட்டாள். மூளை மட்டும்தான் பாக்கி, அதாவது பிராசஸர். அதற்கும் மலிவாக, உள்ளே கோர் என்னும் குட்டி மூளை நாலு உள்ள ஒன்றைப் பொறுக்கி வைத்திருந்தாள்.

பிரதானி அம்பலத்தரையருக்கு இது பொறுக்கவில்லை. அவள் பேச்சுக்கு ராஜா சிரிப்பான், இவர் பேச்சுக்குக் கொட்டாவி விடுவான். அந்தக் கடுப்பு நெடுநாளாக உள்ளே புகைந்துகொண்டிருந்தது.

"மன்னர் மன்னா! தங்கள் அரண்மனைக்கு மலிவு மூளையா? ஊர் சிரிக்காதா? பதினாறு கோர் பிராசஸர் ஒன்று வந்திருக்கிறது. இவள் கேட்கும் பத்தின் விலைக்கு அது ஒன்றே ஒன்று. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சபைக்கே களை!"

ராஜா நிமிர்ந்தான். "கலர் கலராக விளக்கு எரியுமா?"

"சரம் கட்டிவிட்டால் எரியும், மன்னா!"

"மண்டபத்து ஜனங்கள்?" என்றாள் பூங்காவனம்.

"நின்று பழகியவர்கள்தானே அம்மா" என்றார் பிரதானி. " உட்காரச் சொன்னால்தான் தடுமாறுவார்கள்."

"சண்டை வேண்டாம்" என்றான் ராஜா. "தராசு வரட்டும்."

அந்த அரண்மனையில் யானையானாலும் அப்பளமானாலும் நிறுத்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கனமானதே உயர்ந்தது. இரண்டு பிராசஸரையும் டப்பாவோடு தட்டில் வைத்தார்கள். மலிவு டப்பா தொப்பென்று இறங்கியது, விலை உயர்ந்தது ஆகாயத்துக்குப் போனது. மலிவு டப்பாவுக்குள் பிராசஸரைக் குளிர்விக்கும் ஃபேனும் இருந்தது. மற்றதில் அது இல்லை.

பிரதானி பதறினார். "கனத்தில் என்ன இருக்கிறது மன்னா? எருமைகூடத்தான் கனம்!"

சிம்மாசனம் முழுவதையும் நிறைத்து உட்கார்ந்திருந்த ராஜா முறைத்தான். "எருமையா?"

"ஐயோ, நான் பொதுவாகச் சொன்னேன்!"

"நாளைக்குச் சபையில் போட்டி. யார் மூளை அதிக மனு முடிக்கிறதோ அதை வாங்குவோம். தோற்றவர் பதவியை இழந்து, கழுதைமேல் வால் பக்கம் பார்த்து உட்கார்ந்து ஊரைச் சுற்ற வேண்டும்!"

பூங்காவனம் ஒரு நிபந்தனை போட்டாள். "இருவருக்கும் ஒரே மாதிரி மதர்போர்டு, மெமரி, மானிட்டர், பிரிண்டர். டப்பாவில் உள்ளதைத் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது. பிரதானியாரே, டப்பாமேல் எழுதியிருப்பதைப் படித்தீர்களா?"

"படிக்காமலா? விலையைப் படித்தேன்!"

மறுநாள் சபை நிரம்பியது. வாசலில் கழுதை தயாராக நின்றது. பிரதானி தன் கம்ப்யூட்டருக்குக் கலர் விளக்குச் சரம் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஃபேன் இல்லாமல் ஓட்டினால் அவருடையது சூட்டில் படுத்துவிடும் என்று, பூங்காவனமே தன் நிபந்தனையைத் தளர்த்தி, பையிலிருந்து ஒன்றை இரவல் கொடுத்தாள்.

மணி அடித்தது. அவள் திரையில் வெளிச்சம் வந்தது. குளத்து மடை உடைந்த மனு, எல்லைக்கல் நகர்ந்த மனு என்று ஒவ்வொன்றாக முடிந்து அச்சாகி விழுந்தன. பிரதானியின் பக்கம் விளக்கு ஜொலித்தது, ஃபேன் சுழன்றது. மானிட்டர் மட்டும் கன்னங்கரேலென்று கிடந்தது.

"என்னய்யா இருட்டு?" என்றான் ராஜா.

பிரதானி மானிட்டரை ஒரு தட்டுத் தட்டினார். "அதுதான் மன்னா வேகம்! கண்ணுக்குத் தெரிவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. எல்லா மனுவும் முடிந்தாயிற்று!"

"அடேயப்பா!" என்று வாய் பிளந்தான் ராஜா. வாசலில் கழுதை கத்தியது.

பூங்காவனம் கணக்குப் போட்டாள். உள்ளதை விளக்கப் புகுந்தால் ராஜா கொட்டாவி விடுவான், பாதியில் தீர்ப்பும் சொல்லிவிடுவான். பதவி போகும், பத்து மேஜையும் போகும். அவள் கைகூப்பினாள்.

"தோற்றேன் மன்னா. பிரதானியாருக்குப் பரிசு கொடுங்கள்."

ராஜா முத்துமாலையைக் கழற்றப் போனான்.

"கழற்றுவானேன் மன்னா? அவர் வேலை செய்த அதே வேகத்தில் போட்டுவிடுங்கள்."

ராஜா ஒரு கணம் விழித்தான். பிறகு அவன் மீசை துடித்தது. "போட்டாயிற்று! பிரதானியாரே, நன்றி சொல்லும்!"

பிரதானி கழுத்தைத் தடவிப் பார்த்தார். "மன்னா, மாலை... காணோமே?"

"மாலையைக் காணோமா? அப்படியானால் மனுவையும் காணோம்!"

சபை கொல்லென்று சிரித்தது. அப்புறம்தான் பூங்காவனம் விஷயத்தை உடைத்தாள். "திரையில் படம் காட்டும் பகுதி என் மலிவு பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. அவருடையதில் இல்லை, அதற்குத் தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்ட வேண்டும். டப்பாமேலேயே எழுதியிருக்கிறது. அது மட்டமான சரக்கல்ல மன்னா, பெரிய வேலைக்கானது. கொசு அடிக்க உலக்கை எதற்கு?"

முத்துமாலை அவள் கழுத்துக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படியே வந்தது. பத்து பிராசஸருக்கும் அங்கேயே ஆணை பிறந்தது.

பிரதானி ராஜாவின் காலில் விழுந்தார். "கழுதை மட்டும் வேண்டாம் மன்னா! ஊரே பார்க்கும்!"

"பார்க்காது" என்றாள் பூங்காவனம். "உங்கள் வேகத்தில் போங்கள். யார் கண்ணுக்கும் தெரியாது."

பிரதானியைச் சுமந்த கழுதைக்கு அந்த வேகம் பிடிபடவில்லை. மனு வரிசையில் நின்ற ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, மடியில் ஏதாவது தின்பண்டம் இருக்கிறதா என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தது. மூன்று நாளாக நின்றவர்களுக்கு அன்றைக்கு ஒரு அவசரமும் இல்லை.