உப்பளத்தார் தனித்தனியாக வந்த நாள்

முன்னொரு காலத்தில், உப்புக் காற்று வீசும் கடல்மங்கை நாட்டைச் சித்திரசேனன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினாரோ, அவர் பேச்சே அவனுக்குச் சரியென்று படும்.

அந்த ஊர் உப்பளத் தொழிலாளிகள் சங்குவடிவு என்ற பெண்ணைத் தலைவியாக வைத்திருந்தார்கள். கூலி குறைந்தாலும், குடிதண்ணீர் வராவிட்டாலும் அரண்மனைக்குப் போய் வாதாடுவது அவள் பொறுப்பு. போகிற நாளில் அவளால் உப்பு வார முடியாதே! அதனால் வீட்டுக்கு ஒரு படி நெல் அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய கட்டுப்பாடு.

உப்பள அதிகாரி மகரந்தராயருக்கு அவளைக் கண்டாலே எரியும். சபையில் தன் பேச்சைவிட அவள் பேச்சு எடுபடுகிறதே! ஒருநாள் மாடக்கண்ணு என்ற தொழிலாளியை ராஜா முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எனக்கும் அந்தம்மாவுக்கும் ஆகாது மகாராசா. நான் ஏன் நெல் கொடுக்கணும்?" என்றான் மாடக்கண்ணு.

"நியாயம்தானே! இனி விருப்பமிருந்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம்" என்றான் ராஜா.

"அவள் வாங்கித் தருவது மட்டும் எல்லோருக்கும் பொது என்று சேர்த்துக்கொள்ளுங்கள் பிரபு" என்றார் ராயர், நைசாக. ராஜா அதையும் சேர்த்துக்கொண்டான்.

கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பலன் ஒன்றுதான் என்றதும், வீடு வீடாக நெல் நின்றது. சங்குவடிவு பிழைப்புக்காக உப்பு வாரப் போனாள். கேட்க ஆளில்லை என்றதும் ராயர் கூலியைப் பாதியாக்கினார். தண்ணீர் வண்டியையும் நிறுத்தினார்.

தொழிலாளிகள் மந்திரி பொறையனாரிடம் ஓடினார்கள். அவர் சிரித்தார். "அவரவர் குறையை அவரவரே வந்து சொல்லுங்கள். எல்லோரும் வாருங்கள். ஒருவர்கூட விட்டுப்போகக் கூடாது."

மறுநாள் காலை வரிசை கோட்டை வாசலைத் தாண்டிக் கடற்கரைவரை நின்றது. ஒருவன் கூலியைச் சொன்னான். அடுத்தவனும் கூலியைச் சொன்னான்.

"இதைத்தானே முன்னால் வந்தவனும் சொன்னான்?" என்றான் ராஜா.

"அது அவன் கூலி மகாராசா. இது என் கூலி!"

ஒருத்தி கால் புண்ணைக் காட்டினாள். இன்னொருத்தி தண்ணீரில் தொடங்கி மாமியாரில் முடித்தாள். ராஜாவின் சாப்பாடு ஆறிப்போனது. வரிசை மட்டும் குறையவில்லை.

"மந்திரி! எல்லோருக்கும் சேர்த்து ஒருவர் வந்து சொல்லக் கூடாதா?" என்று அலறினான் ராஜா.

"ஒருத்தி இருந்தாள் மகாராஜா. அவள் பேச்சு எல்லோருக்கும் பொது, அவள் வயிறு மட்டும் அவள் பாடு என்றீர்கள். இப்போது உப்பு வாருகிறாள்."

ராயர் குறுக்கே பாய்ந்தார். "அப்படியானால் பிடிக்காதவனையும் கட்டாயப்படுத்துவதா?"

"வேண்டாமே!" என்றார் மந்திரி. "பிடிக்காதவர் நெல் கொடுக்க வேண்டாம். அவருக்காக அவள் பேசவும் வேண்டாம். தன் கூலியை அவரே உங்களிடம் பேசி வாங்கிக்கொள்ளட்டும்."

மாடக்கண்ணு ராயரின் முகத்தைப் பார்த்தான். "நான் நெல்லே கொடுத்துடுறேன் சாமி" என்றான். சபை குலுங்கிச் சிரித்தது.

ராஜா பல்லக்கு அனுப்பினான். சங்குவடிவு அதில் ஏறவில்லை. காலில் உப்பு பூத்திருக்க, நடந்தே வந்தாள்.

"பேசு" என்றான் ராஜா.

"நீங்கள் கூப்பிட்டீர்கள், வந்தேன். பேசச் சொல்ல வேண்டியது என் ஜனங்கள்."

"பேசு தாயி!" என்று வாசலில் எழுந்த குரலில் தூண்கள் அதிர்ந்தன.

நெஞ்சை நிமிர்த்தி நாலே வார்த்தையில் சொல்லி முடித்தாள். ராஜா பழைய ஆணையை நீக்கி, மந்திரி சொன்னதையே புது ஆணையாக்கினான். கூலி திரும்பியது, தண்ணீர் வந்தது. தான் குறைத்த அதே பாதிக் கூலிக்கு இனி ராயரும் உப்பு வார வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ராஜா தன் மோதிரத்தைப் பொறையனாருக்கும், முத்துமாலையைச் சங்குவடிவுக்கும் நீட்டினான்.

பொறையனார் வாங்கிக்கொண்டார். அவள் கும்பிட்டு விலகினாள்.

"மன்னிக்கணும் மகாராஜா. எனக்குப் படியளப்பவர்கள் வெளியே நிற்கிறார்கள்."

ராஜாவே எழுந்து அவளுக்கு வழிவிட்டான்.