கரிச்சான் போட்ட ஒட்டு

ஒரு காட்டுக்கு நடுவுல ஒரு ஆறு. மழைக்காலம் வந்தா இந்தக் கரை முழுக்க முங்கிடும். அப்ப சருகுமானெல்லாம் மேட்டுக்கரைக்குப் போயே ஆகணும். சருகுமான்னா தெரியும்ல? முயல் அளவுதான் இருக்கும், பயந்த சுபாவம்.

பாலம் கீலம் ஒண்ணும் கிடையாது. விழுந்து கிடந்த மருதமரம்தான் வழி. ஒண்ணு பின்னால ஒண்ணாப் போகணும். நடுவுல திரும்ப முடியாது. ஒண்ணோட கால் தப்பினா பின்னால வர்றது முன்னால போறதை இடிச்சிடும். அதனால எல்லாம் ஒரே பாட்டுக்குத்தான் அடி வைக்கும்.

ஆனா மரம் ரொம்ப நீளம். ஒரே பறவைக்கு அவ்வளவு மூச்சு ஏது? புறா மெதுவா ஆரம்பிக்கும். செண்பகப் பறவை கொஞ்சம் வேகமா வாங்கிக்கும். கரை ஏறுற இடத்துல மரங்கொத்தி தடதடன்னு முடிச்சு வைக்கும்.

மூணு பாட்டையும் ஒட்டுறது கரிச்சான் குருவியோட வேலை. எல்லாக் குரலும் அதுக்கு வரும். புறா முடிக்கிறதுக்குள்ள, அதே சுருதியில செண்பகத்தோட பாட்டை அடியில நுழைக்கும். வேகத்தைத் துளித்துளியா ஏத்தும். பாட்டு மாறினதே காலுக்குத் தெரியாது. அந்தக் காட்டுக்கு டீஜேன்னா அதுதான்.

அந்த வருசம் ஏழு சருகுமான் வரிசையில நின்னுச்சு. அஞ்சாவது ஒரு தாய். ஆறாவது அதோட குட்டி.

"தம்பி, இவ இன்னிக்குத்தான் முதல்முறை நடக்குறா. பாத்து ஏத்துப்பா"ன்னுச்சு தாய்.

"நான் பாத்துக்கறேன்க்கா. பயப்படாம போங்க"ன்னுச்சு கரிச்சான்.

புறா ஆரம்பிச்சுது. ஏழும் மரத்துல ஏறுச்சு. கரையோர மரத்துல குரங்குக் கூட்டம். அதுங்களுக்கு ஆத்தைத் தாண்டுற வேலையே இல்ல. வேடிக்கை பாக்க வந்ததுங்க.

"இது பாட்டா, தாலாட்டா? தூக்கம் வருது!"

"மச்சான், போன வருசமும் இதான். இவனுக்கு வயசாயிடுச்சுடா!"

கரிச்சானுக்குச் சுருக்குன்னுச்சு. ஏன் சுருக்குங்கணும்? நடக்கிறது குரங்கா? ஆனா அது குரங்குங்களையே பாத்துச்சு.

அன்னிக்கு மரங்கொத்தி உக்காந்திருந்த பொந்து மரம், புறாவோட சுருதியிலயே ஒலிச்சுது. கரிச்சான் அதைக் கவனிச்சுது. "அண்ணே, இப்பவே வாங்க"ன்னு மரங்கொத்தியைக் கூப்பிட்டுச்சு.

"டேய், நடுவுல நான் இருக்கேன்டா! இன்னும் பாதி மரம் கூட வரல"ன்னு கத்துச்சு செண்பகம்.

"சுருதி சேருதுல்ல? சும்மா இரு. வேகத்தை நான் சமாளிக்கிறேன்."

மரங்கொத்தி தட்டுச்சு. தடதடதட! காதுக்கு ஒட்டே தெரியல, அவ்வளவு சுத்தம். குரங்குங்க கிளையில குதிச்சு விசிலடிச்சுதுங்க.

மரத்து மேல பெரிய சருகுமானெல்லாம் மிரண்டு பழைய அடியிலயே நடந்துச்சு. குட்டி மட்டும் பாட்டைக் கேட்டுச்சு. பாட்டு ஓடுன்னா ஓடணும்னு அதுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. சரியாத்தான் ஓடுச்சு. போய் அம்மாவோட பின்னங்கால்ல மோதிச் சறுக்குச்சு.

"அம்மா..."

அவ்வளவுதான். தண்ணி ஒரு சுழி போட்டு மூடிக்கிச்சு.

மரங்கொத்தி தட்டுறதை நிறுத்திடுச்சு. கரிச்சானும் பாட்டை விட்டுடுச்சு.

"பாடுடா!" தாய் திரும்பாமலே கத்துச்சு. திரும்பினா மத்ததும் விழும். "பாடு தம்பி! இன்னும் ஆறு பேரு மேல இருக்கோம்!"

கரிச்சான் பாடுச்சு. மரங்கொத்தியோட வேகத்துலயே எடுத்து, துளித்துளியா இறக்கி, மரத்து மேல நடக்குற அடிக்குக் கொண்டு வந்துச்சு. அப்புறம் செண்பகத்துக்கு மாத்திக் கொடுத்துச்சு. ஒரு அடி தப்பல. அது ஆயுசுலயே அப்படி ஒரு ஒட்டு போட்டதில்ல. ஆறு சருகுமானும் கரை ஏறுச்சு.

தாய் தண்ணியைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. கரிச்சான் கிட்ட வந்து, "அக்கா"ன்னுச்சு. தாய் திரும்பிப் பாக்கல.

அந்தக் கரையில இருந்து குரங்குங்க கத்திச்சுதுங்க:

"சூப்பர் மச்சான்! இன்னொரு தடவை!"

நீதி: உன் பாட்டை நம்பி அடி வைக்கிறவங்களைப் பாத்துப் பாடு, கை தட்டுறவனைப் பாக்காத.