கரிச்சான் சொன்ன சொல்

அந்தக் காலத்தில், பறவைகள் எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ‘வெற்றி’ என்ற சொல் பருந்துக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. கொக்கு முழ நீள விராலைப் பிடித்தாலும் “கிடைத்தது” என்றுதான் சொல்ல வேண்டும். மைனா பாம்பையே விரட்டினாலும் “தப்பித்தேன்” என்றுதான் சொல்ல வேண்டும். மீறி அந்தச் சொல்லைச் சொன்னால், மறுநாள் அதன் கூடு மரத்தில் இருக்காது.

ஏரிக்கரை இலுப்பை மரத்தின் உச்சிக் கவட்டில் ஒரு கரிச்சான் குருவி கூடு கட்டியிருந்தாள். அதிகம் பேசமாட்டாள். யாராவது நலம் விசாரித்தால்கூட, விசிறி போன்ற தன் வாலை ஒருமுறை அசைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பருந்து வட்டமிடுவதை நாளெல்லாம் பார்த்து அவள் ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தாள். அதன் நகமெல்லாம் கீழேதான். முதுகில் ஒன்றுமே இல்லை.

அவள் மூன்று குஞ்சுகள் பொரித்த எட்டாம் நாள் பருந்து வந்தது.

“தங்கச்சி, ஒண்ணைக் கொடுத்துட்டு மத்த ரெண்டையும் காப்பாத்திக்கோ!” என்று கீழ்க்கிளையிலிருந்து புறா கத்தியது. “போன வருஷம் நான் கொடுக்கலையா?”

கரிச்சான் விர்ரென்று மேலே ஏறி, பருந்தின் முதுகில் விழுந்து பிடரியில் கொத்தினாள். அது திரும்புவதற்குள் மறுபடி மேலே ஏறி, மறுபடி கொத்தினாள். மூன்றாம் தடவை பருந்து மல்லாந்து புரண்டு, அவள் வாலின் நடு இறகுகளைக் கொத்தாகப் பிடுங்கியது. அதற்கும் ஒரு கொத்து வாங்கிக்கொண்டு, ஏரிக்கு அக்கரைப் பனைமரத்துக்குப் பறந்து ஓடியது.

“ஐயையோ, வாலைப் பாருங்களேன்! நடுவுல வகிடு எடுத்த மாதிரி!” என்றது மைனா.

அப்போது அக்கரையிலிருந்து பருந்தின் குரல் வந்தது. “ஏய், கறுப்பி! எல்லார் காதுலயும் விழற மாதிரி ‘தப்பித்தேன்’னு சொல்லு. சொன்னா இனி உன் கூட்டுப் பக்கமே வரமாட்டேன். இல்லேன்னா விடியறப்போ மூணையும் தூக்குவேன்.”

“சொல்லித் தொலையேன்டி,” என்றது மைனா. “ஒரு வார்த்தைதானே!”

கரிச்சான் தன் குஞ்சுகளைப் பார்த்தாள். கீழ்க்கிளையில், ஒன்றைக் கொடுத்தும் எதுவும் மிஞ்சாத புறாவின் காலிக் கூட்டையும் பார்த்தாள். பிறகு வாய் திறந்தாள்.

“ஓடினது நீங்க ஐயா. அதனால தப்பிச்சதும் நீங்கதான். எனக்குக் கிடைச்சது வெற்றி!”

மைனா சட்டென்று இலைகளுக்குள் ஒளிந்துகொண்டது.

மறுநாள் கோழி கூவுவதற்கும் முன்பே அவள் எழுந்து உச்சிக்கிளையில் நின்று, அதே சொல்லை ஏரி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பருந்து அக்கரையில் சிறகை விரித்தது. பிடரி வலித்தது போலிருக்கிறது. சிறகை மடக்கிக்கொண்டது.

வெயில் ஏறியதும் புறா ஒரு சுள்ளியைக் கவ்விக்கொண்டு மேலே வந்தது. “தங்கச்சி, உன் கூட்டுக்குப் பக்கத்துல கட்டிக்கட்டுமா?”

கரிச்சான் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

அன்று முதல்தான் கரிச்சானின் வால் நடுவில் பிளந்திருக்கிறது. புறாக்கள் அவள் மரம் தேடி வந்து கூடு கட்டுகின்றன. இன்றைக்கும் வானத்தில் பருந்து தெரிந்தால், அது யார் குஞ்சுக்கு வருகிறது என்றுகூடக் கேட்காமல், கரிச்சான் ஏறிப்போய் அதன் முதுகில் விழுகிறாள்.