கோனேரி ராயனின் கனவுக் கட்டில்

செங்காட்டூர் அரசன் கோனேரி ராயனுக்கு யானை இருந்தது, குதிரை இருந்தது, கோட்டை கொத்தளம் எல்லாம் இருந்தன. தூக்கம் மட்டும் இல்லை. வைத்தியர் பாலில் கசகசா அரைத்துக் கொடுத்துப் பார்த்தார். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள். அரண்மனைப் பாகவதர் நீலாம்பரி பாடினார். பாடிக்கொண்டே அவர்தான் தூங்கிப்போனார்.

அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தான் விருபாட்சன் என்கிற விசைத்தச்சன். பள்ளியறைக்குள் புகுந்தான், இழைத்தான், தட்டினான், முடுக்கினான். கடைசியில் ஒரு கட்டில் செய்து நிறுத்தினான். அது லேசுப்பட்ட கட்டிலா? வாய்க்கால் தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் கட்டிலைத் தொட்டில்போல ஆட்டும். மேலே மயிலிறகு விசிறிகள் தாமாக வீசும். தலைமாட்டில் ஒரு வீணை, ஆளில்லாமலே மீட்டும். செப்புக் குழாய் வழியே தாழம்பூ வாசம் கசியும்.

“இதில் தூக்கம் மட்டுமல்ல அரசே, கனவும் வரும். எதை நினைத்துப் படுக்கிறீர்களோ அதுவே வரும்” என்றான் விருபாட்சன்.

வந்தது. அங்கேதான் பிடித்தது சனி.

அரசன் கனவில் பகை நாட்டை வென்றான். காலையில் எழுந்து எல்லைக் காவலைக் குறைத்தான். இன்னொரு கனவில் பஞ்சத்தைத் தீர்த்தான். உடனே சத்திரத்து அடுப்பை அணைக்கச் சொன்னான். மந்திரி அம்பலவாணரோ அரசன் தும்மினாலும் தாளம் தப்பவில்லை என்பவர். “மற்ற அரசர்கள் விழித்திருந்தும் செய்யாததைத் தாங்கள் தூங்கியே சாதித்துவிட்டீர்கள்!” என்று கைகூப்பினார்.

அரசனுக்குத் தலை கால் புரியவில்லை. ஊரெங்கும் பறையறைவித்தான்: “அரண்மனைக் கட்டிலில் கண்ட கனவெல்லாம் நடந்ததற்குச் சமம். மறுப்பவருக்குச் சிறை.”

ஐப்பசி நெருங்கியது. பெரிய ஏரிக்கரையில் உடைப்பு விழுந்திருந்தது. மழை இறங்கினால் கீழே இருக்கும் ஊர்கள் மிதக்கும். ஏரிக்குக் கீழே நெல் விதைத்திருந்த காத்தாயி என்பவள், ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு சபைக்கு வந்தாள்.

“கரையைக் கட்டித் தரணும் சாமி” என்றாள்.

“கட்டியாகிவிட்டதே! நேற்றுக் கனவில் நானே முன்னால் நின்று கட்டினேன். கடைசிக் கல்லைக்கூட என் கையால்தான் வைத்தேன்.”

“சாமி வச்ச கல்லு எங்க ஊர்ல வந்து விழலீங்களே” என்றாள் காத்தாயி.

அரசன் முகம் சிவந்தது. “பிடித்து அடையுங்கள் இவளை!” என்றான்.

காவலர்கள் நெருங்கும்போது ஒருவன் குறுக்கே வந்தான். அவன்தான் அரண்மனை விகடகவி பூவராகன். அரசனிடம் உள்ளதைச் சொல்லிவிட்டுக் கழுத்தில் தலையோடு வீடு திரும்பக்கூடிய ஒரே ஆள். இன்று திரும்புவோமா என்று அவனுக்கே சந்தேகம்தான்.

“பொறுங்கள் அரசே. பாவம், கட்டிலின் மகிமை தெரியாதவள். எனக்கும் தெரியாது. இன்று பகலில் நான் அதில் கொஞ்சம் படுத்துப் பார்க்கிறேன். கண்ட பலனை நாளைச் சபையில் எல்லோருக்கும் சொல்கிறேன். அதுவரை இவளை விட்டுவையுங்கள்.”

அரசனுக்கு ஒரே சந்தோஷம். “போய்ப் படு! அப்போதாவது உன் கேலி நிற்கட்டும்” என்றான்.

மறுநாள் அரசன் வழக்கம்போல் வெயில் ஏறிய பிறகு சபைக்கு வந்தான். வாசலிலேயே திகைத்து நின்றான். சிம்மாசனத்தில் பூவராகன்! கால்மேல் கால் வேறு.

“வாருங்கள் ராயரே, உட்காருங்கள்” என்று கீழே ஓர் ஆசனத்தைக் காட்டினான். “அம்பலவாணரே, ஆட்களைத் திரட்டி ஏரிக்கரைக்கு அனுப்பும். இது அரச கட்டளை.”

“யாரடா அரசன்?” என்று உறுமினான் கோனேரி ராயன்.

“நான்தான். நேற்றுக் கனவில் எனக்குப் பட்டாபிஷேகம் நடந்தது. தாங்களே முடியை எடுத்து என் தலையில் வைத்தீர்கள். மேளம் என்ன, தாளம் என்ன! அதே கட்டில், அதே தாழம்பூ வாசம். மறுப்பவருக்குச் சிறை என்று பறையும் அறைந்தாயிற்று.”

காவலர்கள் பாவம், யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். அம்பலவாணர் எந்தப் பக்கம் கும்பிடுவது என்று புரியாமல் நடுவில் பார்த்துக் கும்பிட்டார்.

விருபாட்சன் பதறிப்போய் ஓடிவந்தான். “அரசே, இவன் புளுகுகிறான்! அந்தக் கட்டிலில் படுத்தால் யாருக்கும் எதுவும் நடந்துவிடாது!”

“நீ படுத்துப் பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டான் பூவராகன்.

“நானா? அந்த ஆட்டத்தில் எனக்குத் தலை சுற்றும். நான் கயிற்றுக் கட்டிலில்தான் படுப்பேன்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அரசனுக்குக் கோபம் தலைக்கேறியது. உடைவாளில் கை போயிற்று. “இறங்கடா கீழே! கனவு கனவுதான், சிம்மாசனம் சிம்மாசனம்தான்!”

பூவராகன் சட்டென்று இறங்கினான். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். “தங்கள் வாயால் இதைக் கேட்கத்தான் தலையைப் பணயம் வைத்தேன் அரசே. கனவு கனவுதான் என்றால், காத்தாயி ஊர்க் கரை?”

வாளில் இருந்த கை மெல்ல நழுவியது. சபை ஓரத்தில் ஊர்க்காரர்களோடு நின்ற காத்தாயியைப் பார்த்தான் அரசன். “அம்மா, உடைப்பு எவ்வளவு பெரிது?” என்று கேட்டான்.

அன்றே வேலை தொடங்கியது. சத்திரத்து அடுப்பு மறுபடி எரிந்தது. எல்லைக்குக் காவலர் போனார்கள். விருபாட்சனை அவனுடைய சக்கரத்தோடு ஏரிக்கு அனுப்பி, கரைக்கு மண் ஏற்றும் பொறி செய்ய வைத்தார்கள். அது உண்மையிலேயே நன்றாக வேலை செய்தது. முதல் மழை கொட்டியபோது கரை அசையவில்லை.

நனைந்தபடி கரைமேல் நின்ற அரசன், தன் முத்து மாலையைக் கழற்றிப் பூவராகன் கழுத்தில் போட்டான்.

“எல்லாம் சரி பூவராகா. உண்மையைச் சொல். கனவில் நீ அரசனாக இருந்தாயே, அப்போது நாட்டுக்கு என்னதான் செய்தாய்?”

“எங்கே அரசே நேரம்? முடிசூட்டிய கையோடு அந்தக் கட்டிலைக் கொடுத்துவிட்டார்கள். ஆட்சி முடியும்வரை தூங்கினேன்.”

மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது கோனேரி ராயனின் சிரிப்பு.